கம்ப்ரசர் இல்லாத ஃபிரிட்ஜ்

வளைகுடாவில் ஹோட்டல் வேலை பார்க்கும் என் மைத்துனன், அங்கே கழித்துப் போட்ட சின்ன ஃபிரிட்ஜ் ஒன்றை கார்கோவில் அனுப்பியிருந்தான். குற்றாலத்தில் நானும் மனைவியும் நடத்தும் லாட்ஜுக்காக. தென்காசியிலிருந்து லோடு ஆட்டோவில் படுக்கப் போட்டுக் கொண்டுவந்தார்கள். சுவிட்சைப் போட்டோம். சத்தமே இல்லை, குளிரவும் இல்லை. பின்பக்கம் மட்டும் சுட்டது.

மேலகரத்திலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தோம். டார்ச் அடித்துப் பின்னால் பார்த்தவர், துட்டி கேட்கப் போன இழவு வீட்டில் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்தினார்.

“அண்ணாச்சி, மனசத் தேத்திக்கிடுங்க. கம்ப்ரசர எவனோ கழத்திட்டான்.”

வெட்டிய தடமே தெரியவில்லை, தேர்ந்த கை என்றும் சொன்னார். மனைவி உடனே ஆட்டோக்காரருக்கு போன் போட்டாள். அவர் சாமிமேல் சத்தியம் செய்தார். பிறகுதான் மைத்துனனைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டோம்.

“அத்தான், அதுல கம்ப்ரசரே கிடையாது. சூட்டுலதான் குளுரும்” என்றான்.

உள்ளே தண்ணீரில் அமோனியா கரைந்திருக்குமாம். அதை ஹீட்டர் சூடாக்கினால் அமோனியா ஆவியாகப் பிரிந்து மேலே போகும். பின்புறக் குழாயில் ஆறித் திரவமாகும். பெட்டிக்குள் ஹைட்ரஜன் இருக்கும் குழாயில் இறங்கி மறுபடி ஆவியாகும்போது உள்ளிருக்கும் சூட்டை இழுத்துக்கொள்ளும். அப்புறம் தண்ணீர் அதை உறிஞ்சிக்கொண்டு ஹீட்டருக்கே திரும்பும். சிலவற்றை கேஸ் அடுப்புத் தீயிலேயே ஓட்டலாம் என்றான்.

மெக்கானிக் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் மனைவியிடம் மெல்லச் சொன்னார்: “அக்கா, தம்பிய ஒருதடவ ஊருக்கு வரச் சொல்லுங்க. அங்கன வெயில் ஜாஸ்தி.”

படுக்கப் போட்டதில் திரவம் இடம் மாறியிருக்கும், ஒரு நாள் தலைகீழாக வைத்துவிட்டு அப்புறம் நிமிர்த்துங்கள் என்றான் மைத்துனன். வரவேற்பறையிலேயே கவிழ்த்து வைத்தோம். அருவியில் குளித்து ஈரத்தலையோடு வந்தவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். தன் பேரைக் காப்பாற்ற நேரிலேயே வந்த ஆட்டோக்காரர், கம்ப்ரசர் உள்ளிருந்து விழட்டும் என்றுதான் கவிழ்த்திருக்கிறோம் என நினைத்து, குனிந்து அடியில் தேடினார்.

மறுநாள் நிமிர்த்தி, தரை வாட்டமாக இருந்ததால் ஒரு பக்கம் ஓட்டுச் சில்லு கொடுத்துச் சமப்படுத்தினோம். திரவம் கீழே இறங்கட்டும் என்று சில மணி நேரம் விட்டு சுவிட்சைப் போட்டோம். விடிந்து பார்த்தால் தண்ணீர் பாட்டில் ஜில்லென்று இருந்தது. மெக்கானிக் வந்து கையை விட்டுப் பார்த்தார், காதை வைத்தும் பார்த்தார்.

“குளுருது. ஆனா நம்பிக்க வரல, அண்ணாச்சி.”

மாடியில் ஓர் அறையில் ஃபிரிட்ஜை வைத்தோம். அந்த அறைக்கு முதலில் வந்த குடும்பம், சத்தமே வரவில்லை, ஃபிரிட்ஜ் ஓடவில்லை என்று புகார் சொன்னது. நான் மாடியேறிப் போய் அமோனியாவிலிருந்து தொடங்கி முழுவதும் விளக்கினேன். குடும்பத் தலைவர் கடைசிவரை கேட்டார். பிறகு, வேறு அறை இருக்கிறதா என்றார்.