கொட்டகை வாசலில் எடுத்த படம்

செம்மேடு சந்தையில் மிளகு விற்ற பெண்ணைப் படமெடுத்தேன். உச்சி வெயிலில் முகம் கறுத்து விழுந்தது. படுதா நிழலுக்கு வரச் சொன்னதும் கண்கள் துலங்கின. எனக்குச் சின்ன அத்தை நினைவுக்கு வந்தாள்.

சேந்தமங்கலத்து மாப்பிள்ளை வீட்டார் அத்தையின் போட்டோ கேட்டிருந்தார்கள். அப்பா இரவல் கேமராவில், சுண்ணாம்பு அடித்த சுவர் முன்னால், நடுப்பகலில் எடுத்தார். கழுவி வாங்கியபோது சுவர்தான் பளிச்சென்று இருந்தது.

"ஏனுங்கண்ணா, கல்யாணம் எனக்கா, சொவுத்துக்கா?" என்றாள் அத்தை.

இன்னொரு தடவை கெட்டால் வரன் கைவிட்டுப் போகும் என்று அம்மா பயந்தாள். அத்தை கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்தாள். இடத்துக்கு இடம் நின்று தன் முகத்தைப் பார்த்தாள். கடைசியில் மாட்டுக் கொட்டகை வாசலில் நின்றாள்.

"இங்கதான் நான் நல்லா இருக்கறேன். எடுங்க."

முகம் அருமையாக விழுந்தது. தோளுக்குப் பின்னால் கன்றுக்குட்டி நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. மறுபடி எடுக்க நாளில்லை, அதையே அனுப்பினோம்.

அடுத்த வாரம் மாப்பிள்ளை பஸ் ஏறி வந்தார். காப்பியைக் குடித்துவிட்டு, கூச்சத்தோடு அப்பாவிடம் கேட்டார்:

"பொண்ணப் புடிச்சிருக்குதுங்க. கன்னுக்குட்டி எங்கீங்க, காணோம்?"

கதவுக்குப் பின்னால் அத்தை சிரித்த சிரிப்பு வாசல் வரை கேட்டது. அதற்குமேல் சம்மதமா என்று யாரும் அவளிடம் தனியாகக் கேட்க வேண்டியிருக்கவில்லை.