நான் அடிக்காமல் விட்ட பதினேழாம் பக்கம்

"சரோஜா, பதினேழாம் பக்கம் எங்கே?" என்று அந்த அமெரிக்க அம்மா கேட்டார்.

எழுபதுகளின் கடைசி. செங்கம் ரோட்டில் சின்ன அறை ஒன்றில் ஜாப் டைப்பிங் செய்துகொண்டிருந்தேன். பெரும்பாலும் தாலுகா ஆபீஸ் மனுக்கள். மனுவில் அதைக் கொடுப்பவருக்குப் பாதகமான வரி இருந்தால் கேட்காமலே விட்டுவிடுவேன். அதற்காகவே என்னைத் தேடி வருவார்கள். எனக்கும் அதில் கர்வம்தான்.

இந்த அம்மா ஆசிரமத்துக்கு வந்து, பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். தன் வம்சத்துப் பாட்டனார் ஒருவரின் வாழ்க்கையை ஆங்கிலத்தில் கையால் எழுதிக் கொண்டுவந்தார். அமெரிக்க விடுதலைக்குச் சண்டை போட்ட சிப்பாய், பிறகு ஒரு நகரத்துக்கு மேயர். விஷக்காய்ச்சலில் ஊரே காலியானபோது மேயர் மட்டும் நகராமல் இருந்து நோயாளிகளைப் பார்த்துக்கொண்டாராம். அற்புதமான மனிதர்!

ஆனால் பதினேழாம் பக்கத்தில், முதல் சண்டையிலேயே துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடினார் என்று இருந்தது. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஓடியவர் இவரா, வேறு யாராவதா? சொந்தப் பாட்டனை யாராவது இப்படி எழுதுவார்களா? தாள் மாறி வந்ததோ என்னவோ, குடும்பத்துக்கு இது கெட்ட பேர்தான் என்று முடிவு கட்டி, டிராயரில் போட்டுவிட்டு மேலே அடித்தேன். பக்க எண்களையும் சரிக்கட்டினேன்.

"அது உங்களுக்குக் கெட்ட பேருங்க. அதான் விட்டுட்டேன்" என்றேன்.

அவர் கண் கலங்கிவிட்டது. படித்துக் கற்ற தமிழில் மெதுவாகச் சொன்னார்: "ஒரு முறை ஓடினார். அதனால்தான் பிறகு ஓடவில்லை. அந்தப் பக்கத்துக்காகத்தான் இந்தப் புத்தகம்."

மறுநாள் அவர் ஊருக்குக் கிளம்பவேண்டும். டிராயரைத் திறந்து தாளை எடுத்தேன். கார்பன் வைத்து, பதினேழிலிருந்து கடைசிவரை மறுபடி அடித்துக் கொடுத்தேன். அவர் போன பிறகும் குழப்பம் தீரவில்லை. குடும்பத்து அவமானத்தை ஒருவர் ஏன் கடல் தாண்டி வந்து எழுதவேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரான கீழ்பென்னாத்தூருக்குப் போனேன். என் அப்பா பட்டாளத்திலிருந்து பாதியில் திரும்பியவர். ஊரில் இன்னும் "மிலிட்டரிக்காரர்" என்றுதான் பெயர். ஏன் திரும்பினார் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. எல்லோருமாகச் சேர்ந்து அந்தப் பக்கத்தை விட்டிருந்தோம்.

இப்போது டைப்பிங் பழகும் பெண்களிடம் ஒன்றுதான் சொல்கிறேன்: ஒரு வரியை விடுமுன் எழுதியவரைக் கேளுங்கள். அதை நான் கற்றது அந்த அம்மாவிடம்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அப்பா வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்பா, பட்டாளத்த உட்டு ஏன் பாதியில வந்துட்ட?"

உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. முறத்தை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"இத்தினி வருசத்துல நீதாம்மா மொதல்ல கேக்குற" என்றார். "ஒக்காரு, சொல்றேன்."