எட்டுக் கிலோ

காஞ்சிபுரத்தில் அரிசி மண்டி வைத்திருந்த பத்மராஜ், அக்கா திரிசலாவுக்குத் தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுக்க முன்வந்தார். அவர் கல்லீரலில் கொழுப்பு படிந்திருந்தது; எடை எட்டுக் கிலோ குறைந்தால்தான் அறுவை சிகிச்சை என்றார்கள் டாக்டர்கள்.

தினமும் மண்டியை மூடியதும் ஜிம்முக்குப் போய் வெறிபிடித்தவர்போல் ஓடினார். பொழுது சாய்ந்தபின் சாப்பிடாத சமணக் குடும்பம் என்பதால் வெறும் வயிற்றோடுதான் படுத்தார். நெஞ்சு படபடத்தது, கால் நரம்பு இழுத்துப் பிடித்தது, தூக்கமே வரவில்லை. ஒரு மாதத்தில் ஒரு கிலோகூட இறங்கவில்லை. கடைசியில் ஜிம்மிலேயே மயங்கி விழுந்தார்.

"தூங்காத உடம்பு தேறாதுங்க," என்றார் டாக்டர். "காலையில ஓடுங்க, முடிச்சதும் நல்லா சாப்பிடுங்க. வாரத்துல ரெண்டு நாள் சும்மா இருங்க."

அப்படியே செய்தார். பத்தே நாளில் தூக்கம் வந்தது, எடையும் இறங்கத் தொடங்கியது. இன்னும் இரண்டு கிலோ குறைய வேண்டியிருந்தபோது திரிசலா இறந்துபோனார்.

தகனம் முடிந்து வந்து படுத்தவர், மறுநாள் விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் எழுந்தார்.

"எழுப்பக்கூடாதா?" என்று மனைவி கௌசல்யாவைக் கேட்டார்.

"நல்லா தூங்கிக்கினு இருந்தீங்க."

"மொத மாசமே இப்படித் தூங்கியிருந்தா அக்கா பொழச்சிருக்கும்."

அப்படியெல்லாம் இல்லை என்று அவள் சொல்வாள் எனக் காத்திருந்தார். அவள் சொல்லவில்லை.