திரைக்குப் பின்னால் வாசித்தவள்

பத்து வருஷம் ஆகிவிட்டது. அந்த மனுஷனை நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

ரெபேக்காள் என் மதினி. பாளையங்கோட்டை போர்டிங்கில் பியானோ படித்தவள். என் அண்ணன் ஏசுவடியானைக் கட்டிக்கொண்டு தென்காசிக்கு வந்தாள். தபாலாபீஸ் குமாஸ்தா வீட்டில் பியானோவுக்கு எங்கே போவது? செங்கோட்டை மலை எஸ்டேட்டைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரனிடம் அண்ணன் பழைய கிட்டார் ஒன்றை வாங்கி வந்தான். மதினி தன் பியானோ நோட்டுகளை விரித்து வைத்துக்கொண்டாள். பியானோவில் இடக்கை செய்யும் வேலையைக் கட்டைவிரலுக்கும், வலக்கை வேலையை அடுத்த மூன்று விரல்களுக்கும் பிரித்துக் கொடுத்தாள். எந்தச் சுரத்தை விட்டால் சங்கீதம் சாகாது என்று வரிவரியாகப் பார்த்து மூன்று வருஷம் உழைத்தாள். விரல் நுனியெல்லாம் காய்த்துப்போனது. தெருவில் "சினிமாக்காரி" என்றார்கள். சர்ச் கமிட்டியில் "அது கிளப்பில் வாசிக்கிறது" என்று முகத்தைச் சுளித்தார்கள். வாசித்துக் காட்டு என்று ஒருத்தராவது கேட்டிருக்க வேண்டுமே!

ஐம்பத்தேழாம் வருஷம் கேட்க ஒருவர் வந்தார். பெண்கள் பள்ளிக்கூடம் நடத்திய மானேஜர் சங்கரநாராயணன். குற்றாலத்தில் அவருக்கு ஒரு பங்களா, அதில் அந்தஸ்துக்காக வாங்கிப் போட்ட ஒரு பியானோ. மகள் குழல்வாய்மொழி பியானோ வாசிப்பாள் என்று வாசுதேவநல்லூர் மாப்பிள்ளை வீட்டுக்கு எழுதிவிட்டார். அவளும் ஒரு பாட்டு கற்றுத்தான் வைத்திருந்தாள். ஆனால் ஆனிச் சாரலில் பியானோ ஊறிப்போய்க் கட்டைகள் அமுக்கினால் எழும்பவில்லை. தள்ளிப்போடவும் வழியில்லை. ஆடி பிறந்துவிட்டால் பெண் பார்க்க வரமாட்டார்கள்.

"திரைக்குப் பின்னால இருந்து நீ கிட்டார்ல வாசிம்மா. அவங்க பியானோவக் கண்ணால பார்த்ததே கெடையாது, என்ன தெரியப்போவுது? நம்ம ஸ்கூல்ல பாட்டு டீச்சர் வேலை காலியா இருக்கு. அது ஒனக்குத்தான்" என்றார்.

மதினிக்கு அந்த வேலை உயிர். பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்து வாசிக்கலாம், கேட்க ஆள் இருக்கும் என்பதுதான் அவள் ஆசை. சம்மதித்தாள். நானும் கூடப் போனேன்.

திரைக்குப் பின்னால் முக்காலியில் கிட்டாரோடு மதினி, பக்கத்தில் நான். முன்னால் குழல்வாய்மொழி கட்டைகளின் மேல் சும்மா விரலை ஓட்டினாள். பாவம், அவள்மேல் எனக்குக் கோபமில்லை. மானேஜர் இருமினால் நிறுத்த வேண்டும் என்று ஏற்பாடு.

நோட்டில் நாலு பக்கத்தில் இரண்டு முடிந்திருக்கும். மாப்பிள்ளையின் அப்பா கேட்டார்: "ஒங்க பள்ளிக்கூடத்துல பாட்டுச் சொல்லிக்குடுக்க ஆளு இருக்கா அண்ணாச்சி?"

"மதுரையில இருந்து ஒரு அம்மாவுக்கு ஆர்டர் அனுப்பியாச்சு. இங்கன உள்ளதுக என்னத்த வாசிக்குதுக? கிட்டார வச்சுக்கிட்டு சினிமாப் பாட்டு தட்டுததுக."

காரியம் ஆகும்வரை காலைப் பிடி, ஆனதும் கழுத்தைப் பிடி. காரியம் முடியும்வரைகூட அவருக்குப் பொறுக்கவில்லை! நான் மதினியின் முகத்தைப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டாள். விரல் ஒரு சுரமும் தப்பவில்லை.

மானேஜர் இருமினார். "எந்திச்சு கும்பிட்டுக்கோம்மா" என்றார் மகளிடம். அவள் எழுந்து கும்பிட்டாள். சங்கீதம் நிற்கவில்லை. மறுபடி இருமினார். ஆளில்லாத பியானோவை வாசுதேவநல்லூர்க்காரர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா குனிந்து அதன் அடியில்கூடப் பார்த்தாள்.

மானேஜர் பாய்ந்து வந்து திரையை விலக்கினார். "ஏட்டி, நிப்பாட்டு!"

மதினி தலையைத் தூக்கவில்லை. "இன்னும் ரெண்டு பக்கம் இருக்கு. உக்காந்து கேளுங்க."

முதலில் தரையில் உட்கார்ந்தவள் குழல்வாய்மொழி.