ஏழு கிளிப் பேனலுக்குப் பச்சை விளக்கு

கஸ்டமர் திருப்பி அனுப்பிய கார் கதவுப் பேனல் காலையிலேயே என் மேசைக்கு வந்துவிட்டது. எட்டு கிளிப் இருக்க வேண்டும், ஏழுதான் இருந்தது. ஆனால் பேனலைச் சோதிக்கும் என் ஜிக் மெஷின் குத்திய ஓகே முத்திரை பளிச்சென்று இருந்தது.

ஒரகடம் பக்கத்தில் அந்த லைனுக்கு டெஸ்டிங் என் பொறுப்பு. ஜிக்கில் எட்டு சென்சார். கிளிப் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. எத்தனை 1 என்று எண்ணும் அசெம்பிளி மொழி புரோகிராம் நான் எழுதியது. இந்த 1, 0 பிட்டுகளை ஒவ்வொன்றாகச் சுழற்றி 'கேரி' என்ற ஒற்றை பிட்டுக்குள் தள்ளும். அங்கே 1 வந்தால் ஒன்று கூட்டும். எட்டுக்குக் குறைந்தால் சிவப்பு விளக்கு. பத்துப் பதினைந்து வரியில் என்ன தப்பு வந்துவிடும்?

"ஜிக்கு ஓகே குடுத்திருக்குது. பேக்கிங்லதான் கிளிப்பு புட்டுகினு பூட்டிருக்கும்" என்றார் சூப்பர்வைசர்.

பேக்கிங்கில் இருந்தது தேவகி, பிள்ளைப்பாக்கத்திலிருந்து வரும் கான்ட்ராக்ட் பெண். ஏற்கெனவே ஒரு வார்னிங் வாங்கியவர். இன்னொன்று வந்தால் வேலை போய்விடும். 'பேக்கிங் கவனக்குறைவு' என்று ரிப்போர்ட்டில் எழுதி நானும் கையெழுத்துப் போட்டேன்.

தேவகி நேராக என்னிடம் வந்தார். "சார், நான் கிளிப்ப தொடவே இல்ல. செவப்பு எரிஞ்சா, லைன்ல இருக்கறவங்க சரியா உக்காரலன்னு அதே பேனல எடுத்துட்டு மறுபடி வெக்கிறாங்க. அப்ப பச்ச எரியுது. நீங்களே வெச்சுப் பாருங்க."

வைத்தேன். சிவப்பு. எடுத்து மறுபடி வைத்தேன். பச்சை! இன்னொரு முறை, சிவப்பு. அப்புறம் பச்சை. ஒரே பேனல், ஒரே ஏழு கிளிப். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சென்சாரை மாற்றினேன். ஒயரைப் பிடுங்கிச் செருகினேன். சப்ளையை அளந்தேன். மறுபடி சிவப்பு, பச்சை. ஷிப்ட் முடிவதற்குள் எச்.ஆரில் தேவகிக்கு வேலைநீக்க லெட்டர் கொடுத்துவிடுவார்கள். பயமாக இருந்தது.

கடைசியில் பேப்பரில் புரோகிராமை எழுதி, பென்சிலால் ஒவ்வொரு வரியாக ஓட்டினேன். பழைய மாடலில் ஒன்பது கிளிப். ஒன்பதாவது சென்சாரின் பிட்டை முதலிலேயே கேரியில் வைத்து, ஒன்பது முறை சுழற்றுவோம். புது மாடலுக்கு அந்தச் சென்சார் வரியை நீக்கினேன். சுழற்சியை எட்டாக்க மறந்திருக்கிறேன். எண்ணிக்கையை எட்டோடு ஒப்பிடும்போது குறைந்தால், சிவப்பு எரிவதோடு கேரியிலும் ஒரு 1 தங்கிவிடும்; பச்சை என்றால் 0. அடுத்து வைக்கும் பேனலின் ஒன்பதாவது சுற்றில் அதுவும் ஒரு கிளிப்பாகக் கணக்கில் சேரும்.

ஒன்பதை எட்டாக்கிவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. அந்த ஆசையும் வந்தது, பொய் சொல்லவில்லை. எச்.ஆருக்குப் போய், ரிப்போர்ட்டில் 'பேக்கிங்' என்பதை அடித்து, 'புரோகிராம் பிழை' என்று எழுதி என் பேரைப் போட்டேன். வார்னிங் எனக்கு வந்தது.

"போன தடவ எதுக்கும்மா வார்னிங் குடுத்தாங்க?" என்று தேவகியிடம் கேட்டேன்.

"அதுவும் ஒரு கிளிப்பு இல்லாத பேனல்தான் சார். அப்பவும் இதையேதான் சொன்னேன்."

பழைய ஃபைலை எடுத்துப் பார்த்தேன். அதிலும் என் கையெழுத்துதான் இருந்தது.