பரீட்சை அறையில் இன்னொரு குரல்

நாற்பது வயதைத் தாண்டி ஆன்லைனில் பி.காம். சேர்ந்த என்னைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது ரெண்டு வார்த்தை திட்டிவிட்டு நிறுத்தியிருப்பேன். "பேஷ், படி படி" என்று சொல்லிவிட்டு எல்லாரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். என் வேலை மட்டும் எங்கேயும் போகவில்லை, அது பாட்டுக்கு எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

மராத்தி ஊரான சிஞ்ச்வட்டில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றின் ஸ்டோர்ஸில் வேலை. எங்கள் மேனேஜர் ஓய்வுபெறப் போகிறார். அந்த நாற்காலிக்கு டிகிரி வேண்டுமாம். என்னிடம் இருந்தது டிப்ளமோ. கடைசி செமஸ்டர் ரிசல்ட் கையில் இருந்தால் நான், இல்லாவிட்டால் வெளியிலிருந்து யாரோ வந்து உட்காருவார்கள், நானே அவருக்கு எல்லாம் சொல்லிக்கொடுக்க வேண்டும். இதை நினைத்தாலே எனக்கு எரியும்.

கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனில் வீடியோ பாடம் கேட்பேன். விடியற்காலையில் டிபனுக்கு அவல் போஹா கிண்ட வெங்காயம் நறுக்கும்போது இன்னொரு வீடியோ. ஆன்லைன் படிப்பில் பக்கத்து பெஞ்சு என்று ஒன்று கிடையாது. "இது என்னடி, உனக்குப் புரிஞ்சுதா?" என்று யாரைக் கேட்பது? சந்தேகத்தை டைப் அடித்துப் போட்டால் ரெண்டு நாள் கழித்துப் பதில் வரும். அதற்குள் சந்தேகமே மறந்துபோயிருக்கும்.

அதனால் எனக்கு நானே பக்கத்து பெஞ்சு ஆனேன். திரையில் வாத்தியார் இங்கிலீஷில் ஒன்று சொன்னால் நிறுத்திவிட்டுத் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். "அதாவது சரக்கு பண்ணினாலும் பண்ணாட்டியும் இந்தச் செலவு வரும். வாடகை மாதிரி. சரி, அப்புறம்?" இப்படிச் சொன்னால்தான் எனக்கு ஏறும். கணக்கும் அப்படித்தான், ஏழெட்டு அம்பத்தாறு என்று உதடு அசையாமல் எனக்குப் பெருக்க வராது. "மம்மி, யார்கிட்டே பேசறே? பாகல் மாதிரி இருக்கு" என்பாள் பதினொன்றாவது படிக்கும் மகள். பைத்தியம்தான். ஆனால் ஒவ்வொரு செமஸ்டரையும் அந்தப் பைத்தியம்தான் தேறவைத்தது.

கடைசிப் பரீட்சை காஸ்ட் அக்கவுண்டிங். வீட்டிலேயே எழுதலாம். ஆனால் லேப்டாப் கேமராவும் மைக்கும் முழு நேரமும் ஓட வேண்டும். அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது. வீட்டுக்காரரையும் மகளையும் ஔந்துக்குக் கடைகண்ணி பார்க்க அனுப்பினேன். எதிர் ஃபிளாட் அம்மாவிடம் எனக்குத் தெரிந்த மராத்தியில் "பெல் அடிக்காதீங்க, பரீட்சை" என்று சொல்லிவைத்தேன். கட்டிலுக்கு அடியில்கூடக் கேமராவைக் காட்டினேன். பிறகு உட்கார்ந்து எழுதினேன். நன்றாகவே எழுதினேன்.

ஒரு வாரம் கழித்து மெயில் வந்தது. பரீட்சை அறையில் இன்னொருவருடன் பேசிய சந்தேகம், ரிசல்ட் நிறுத்திவைக்கப்படுகிறது, சனிக்கிழமை வீடியோவில் விசாரணை. நிரூபணமானால் செமஸ்டரே ரத்து. அடப்பாவிகளா! எங்கள் ஆபீஸ் இன்டர்வியூ அதற்கு அடுத்த வாரம்.

விசாரணைக்கு மூன்று பேர். கண்ணாடி போட்ட பெரியவர், பேசாத ஒருவர், காட்டன் புடவை கட்டிய ஒரு அம்மாள். என் பரீட்சை வீடியோவையே போட்டுக் காட்டினார்கள். அதில் என் உதடு நிற்காமல் அசைகிறது. எனக்கே என்னைப் பார்க்கச் சகிக்கவில்லை. படிக்கும்போது பேசிப் பேசி, எழுதும்போதும் பேசியிருக்கிறேன், அது எனக்கே தெரியவில்லை.

"என்ன மொழி?" என்றார் கண்ணாடிக்காரர்.

"தமிழ் சார். எனக்கு நானே சொல்லிக்கிறது."

"ஒவ்வொரு இடமாக நிறுத்துகிறேன். இங்கிலீஷில் சொல்லுங்கள். தமிழ் தெரிந்தவரிடம் பிறகு சரிபார்ப்போம்."

முதல் இடம் ஏழெட்டு அம்பத்தாறு. சொன்னேன். அடுத்தது வாடகைக் கதை. அதையும் சொன்னேன். மூன்றாவதில், "ஏன்டா படுபாவி, மனுஷங்களைக் கேக்கற கேள்வியா இது?" என்று என் குரல். "கேள்வி தயாரித்தவரைத் திட்டியிருக்கிறேன் சார்" என்றேன்.

"அது நான்தான்" என்றார். அந்த அம்மாள் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்.

கடைசி இடத்தில்தான் கண்ணாடிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வீடியோவில் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கதவைப் பார்த்துப் பேசுகிறேன். "யாராவது வாங்களேன். என்னால முடியல. ஒரு நாள் இதையெல்லாம் பாத்துக்கங்க, நான் போய்ப் படுத்துக்கறேன்."

இதைச் சொன்ன ஞாபகமே எனக்கு இல்லை. கணக்குப் போட்டேன் என்று புளுகலாம். தமிழ் தெரிந்தவர் கேட்டால் மாட்டிக்கொள்வேன். அதைவிட, புளுகுவதற்குக்கூட எனக்குத் தெம்பு இல்லை. அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். யாராவது வாருங்கள், என்னால் முடியவில்லை, ஒரே ஒரு நாள் நான் படுக்க வேண்டும்.

"யாரைக் கூப்பிட்டீர்கள்?"

"யாரையும் இல்லை சார்."

"கதவைப் பார்க்கிறீர்களே. யார் வந்தார்கள்?"

"யாரும் வரலை சார். யாரும் வந்ததே இல்லை" என்றேன். மானம் போயிற்று என்று நினைத்தேன்.

அந்த அம்மாள், "சார், போதும்" என்றார். கண்ணாடிக்காரர் எதையோ எழுதிக்கொண்டு, தமிழ் தெரிந்தவர் ஒரு தடவை கேட்டதும் ரிசல்ட்டை வெளியிடச் சொல்லுகிறோம், இனிமேல் வாயை மூடிக்கொண்டு எழுதுங்கள் என்று சொல்லிவிட்டுத் திரையிலிருந்து மறைந்தார். திங்கட்கிழமை ரிசல்ட் வந்தது, தேறியிருந்தேன். நாற்காலியும் பிறகு வந்தது.

ஆனால் அன்றைக்கு லேப்டாப்பை மூடிவிட்டுத் திரும்பினால், கதவருகே வீட்டுக்காரர். கையில் காய்கறிப் பை. எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

"நிஜமாவே அப்படியா சொன்னே?" என்றார்.

"இங்கிலீஷ்ல இன்னிக்குத்தான் சொன்னேன். தமிழ்ல இந்த வீட்டுல தினம் சொல்லிட்டுத்தான் இருக்கேன்."

பையை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனார். அலமாரிக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு, "பருப்பு எதுல இருக்கு?" என்று ஒரு குரல்.

எந்த டப்பா என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு போய்ப் படுத்தேன்.