கையை விட்டவள்

எங்கள் குடும்பத்தில் இன்றுவரை என்மேல் ஒரு குற்றம் இருக்கிறது. கொடிகாமம் போகும் வழியில் சித்தியின் மகனைப் பிடித்திருந்த கையை நான் விட்டுவிட்டேன் என்பதுதான் அது. அப்போது எனக்கு ஒன்பது வயது. அவனுக்கு இரண்டு முடியவில்லை.

கனடாவிலிருந்து வந்த சித்தி, அவனோடு அவனுடைய கார் இருக்கையையும் கொண்டுவந்திருந்தார். தோளுக்கும் இடுப்புக்கும் பட்டிகள் வைத்த இருக்கை. எல்லோரும் அதைச் சுற்றி நின்று சிரித்தோம். நானும் சிரித்தேன்.

"உது என்ன, பிள்ளையைக் கட்டி வைக்கிற கதிரையே?" என்றார் பெரியப்பா.

பெரியப்பாவுக்குக் காரில் பெல்ற் போடுவதென்றாலே பிடிக்காது. வழியில் பொலிஸைக் கண்டால் அதைத் தோளில் இழுத்துப் போடுவார், கொழுவமாட்டார். அவர்களைத் தாண்டியதும் விட்டுவிடுவார். நாங்களும் அதைக் கெட்டித்தனம் என்றே நினைத்தோம்.

அன்று கொடிகாமத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். அம்மாவும் அப்பாவும் முதல்நாளே போய்விட்டார்கள். பெரியப்பாவின் காரில் முன்னால் அவரும் பெரியம்மாவும். பின்னால் சித்தி, மாமி, நான், சித்தியின் மகனான தம்பி. அந்த இருக்கையைப் பூட்டினால் எனக்கு இடமில்லை.

"உதைக் கழட்டி வையுங்கோ. முகூர்த்தத்துக்கு நேரமாச்சு," என்றார் பெரியப்பா.

"இல்லை அத்தான், அது இல்லாமல் இவனைக் கொண்டுபோக ஏலாது," என்றார் சித்தி.

"இஞ்சை நாங்கள் பிள்ளையள் வளர்க்கேல்லையே? என்ரை மூண்டும் மடியிலை இருந்து போய் வந்ததுகள்தான்."

சித்தி இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். "கனடாவுக்குப் போனாப் பிறகு எங்கடை கார் பயமாக் கிடக்கோ?" என்று மாமி கேட்டதும் மகனைத் தூக்கிக்கொண்டு விலகி நின்றார். இருக்கையை விறாந்தையில் இறக்கி வைத்தார்கள்.

"உன்ரை பட்டுக் கசங்கிப்போகும். பிள்ளையை இவளிட்டைக் குடு," என்றார் மாமி. சித்தி தம்பியை என் மடியில் வைத்தார். இறுக்கிப் பிடிச்சிரு என்றார். ஓம் என்றேன். பிறகு அவர், அங்கே பழகிய பழக்கத்தில், தன் பக்கத்துப் பெல்ற்றை இழுத்துக் கொழுவிக்கொண்டார். நடுவில் இருந்த எனக்குப் பெல்ற் இல்லை.

சாவகச்சேரியைத் தாண்டியதும் பெரியப்பா வேகத்தைக் கூட்டினார். ஓர் ஒழுங்கையிலிருந்து உழவு இயந்திரம் ஒன்று பின்னால் பூட்டிய பெட்டியோடு வீதியில் ஏறியது. பெரியம்மா "ஐயோ" என்று கத்தியது கேட்டது. பிறகு பெரிய சத்தம். என் முகம் முன் இருக்கையில் அடிபட்டது. நிமிர்ந்து பார்த்தபோது என் கைகளுக்குள் ஒன்றும் இல்லை. முன் இருக்கைகளுக்கு நடுவால் போய், கியர்த் தடிக்குப் பக்கத்தில் தம்பி கிடந்தான். அவன் அழவில்லை. அவன் அழாததைக் கண்டுதான் எல்லோரும் குழறி அழுதார்கள்.

மண்டையோட்டில் வெடிப்பு. மூன்று நாள் கண் திறக்கவில்லை. உயிர் தப்பினான். இடது காது மட்டும் திரும்பக் கேட்கவேயில்லை.

"இறுக்கிப் பிடியெண்டு சொல்லித்தானே குடுத்தது?" என்றார் பெரியப்பா, தலையில் கட்டோடு. மாமி பார்க்க வந்தவர்களுக்கெல்லாம், "இவள் கையை விட்டிட்டாள்" என்று சொன்னார். உழவு இயந்திரக்காரனைக்கூடச் சில மாதங்களில் மறந்துவிட்டார்கள். ஒன்பது வயதுப் பிள்ளையின் கையை மட்டும் ஒருவரும் மறக்கவில்லை. நானும் அதை நம்பினேன். கிணற்றடியில் ஆளில்லாத நேரம் தண்ணீர் வாளியைத் தூக்கி நூறு எண்ணும்வரை பிடித்துக்கொண்டு நிற்பேன், கை பலமாகவேண்டும் என்று.

உயர்தர வகுப்பில் பௌதிகவியல் படித்தபோதுதான் கொப்பியின் பின்பக்கத்தில் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அந்த வேகத்தில் போன கார் சட்டென்று நின்றால், பன்னிரண்டு கிலோப் பிள்ளை அந்தக் கணத்தில் ஒரு மாட்டின் பாரத்தோடு முன்னுக்குப் பாயும். பெரியப்பாவின் கையென்றாலும் விட்டுத்தான் இருக்கும். கொப்பியைக் கொண்டுபோய் அவரிடம் காட்டினேன். "இப்ப ஏன் பழசைக் கிளறுறாய்?" என்றார். கிளறுவது நானாம்! இத்தனை வருடமாக ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் அதைச் சொல்லிக் காட்டியவர்கள் கிளறவில்லையாம்.

ஆனாலும் பெரியப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது என்று வைத்துக்கொள்ளலாம். அன்று ஆஸ்பத்திரியில் சித்தி என்னை ஒரு சொல்லும் ஏசவில்லை. என் இரண்டு விரல்கள் பிசகி வீங்கியிருப்பதைக் கண்டு, தன் கைலேஞ்சியை நனைத்துச் சுற்றிவிட்டார். பக்கத்தில் நின்று மாமி அதே கதையை யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். சித்தி மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை.

"சித்தி, இனி விடமாட்டன்," என்றேன்.

அவர் விம்மி விம்மி அழுதார். என்னை மன்னிக்க முடியாமல்தான் அழுகிறார் என்று நினைத்தேன். யார் கையாலும் அவனைப் பிடித்திருக்க முடியாது என்று அந்த இடத்தில் அறிந்திருந்த ஒரே ஆள் அவர்தான் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.